தாமாஜியின் ரசீது

மார்கழி பஜனையில் தாமாஜி பந்தின் கதையைச் சொல்லத் தொடங்கினால் கூட்டம் அப்படியே கட்டுண்டு கிடக்கும். பீதர் சுல்தானின் கீழ் மங்கள்வேடாவில் அதிகாரியாக இருந்தவர் அவர். பஞ்சத்தில் ஜனங்கள் வாசலில் வந்து விழுந்தபோது, மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் அரசுக் களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். பிடித்துவரச் சொல்லி ஆள் வந்தது. அவர் பீதருக்குப் போய்ச் சேருமுன்பே பண்டரிபுரத்து விட்டலன், நம்மூர்த் தலையாரியைப் போல ஊர்ப்பணி செய்யும் மகார் ஒருவரின் வேடத்தில் முந்திப் போய், தானியத்தின் விலையைப் பொற்காசாகக் கொட்டிவிட்டு ரசீது வாங்கிக்கொண்டான்.

கேட்கிறவர்கள் காசு கொட்டுகிற இடத்தில் கண் கலங்குவார்கள். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்ற எனக்கு, ரசீது வாங்குகிற இடத்தில்தான் தொண்டை அடைக்கும். கடவுள் வந்து சுல்தானோடு தர்க்கம் செய்யவில்லை. உன் சட்டம் தப்பு என்று சொல்லவில்லை. கஜானாவுக்குச் சேரவேண்டியதைச் சேர்த்து, தன் அடியாரின் பேரில் கணக்கு முடிந்தது என்று எழுதி வாங்குகிறான். பத்ராசலத்துக் கோபண்ணா கதையிலும் இதே ரசீது வருகிறது. பால்வஞ்சாவின் தாசில்தாரான அவர் வரிப்பணத்தில் ராமனுக்குக் கோயில் கட்டினார். கோல்கொண்டா சுல்தான் தானீஷா அவரைப் பன்னிரண்டு வருஷம் அங்கே அடைத்துவைத்தார். ராமனும் லட்சுமணனும் இரவில் வந்து ஆறு லட்சம் காசைக் கொடுத்துப் பற்றுச்சீட்டு பெற்றார்கள் என்கிறது கதை. நம் பாண்டிய நாட்டு வாதவூரரான மாணிக்கவாசகருக்கு மட்டும் ரசீது இல்லை. குதிரை வாங்கக் கொண்டுபோன பணம் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குப் போயிற்று. குதிரையாக வந்த நரிகள் அன்றிரவே நரியாகி ஓடின. வைகையில் வெள்ளம் வந்தது.

இந்த மூவரையும் ஒரே வரிசையில் வைக்க எனக்கு மனம் வருவதில்லை. மாணிக்கவாசகர் பாட்டுக்கு நான் அடிமை. திருச்சுழி பூமிநாதர் சந்நிதியில் திருவாசகம் கேட்டு வளர்ந்தவள். ஆனாலும் ஒரு வேலைக்கென்று கொடுத்த பணத்தை, மனத்துக்கு உயர்வாகப் பட்ட இன்னொரு வேலைக்குச் செலவழித்ததை அரசு ஊழியர் யாரும் முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கோபண்ணாவும் அப்படித்தான். தாமாஜி வேறு. களஞ்சியத்தில் தானியம் இருந்தது, வாசலில் பசி இருந்தது, நடுவே ஒரு உத்தரவுதான் இல்லை. குடிகள் சாகாமல் இருக்கவேண்டும் என்பது எந்த அரசுக்கும் முதல் வேலை. அதைத்தான் அவர் செய்தார். அப்படிப்பட்டவரைக் காப்பாற்றவும் ஒரு அற்புதம் தேவைப்பட்டது என்பதுதான் என்னை உறுத்துவது. விட்டலன் வராத அதிகாரிகளின் கதி என்ன?

நான் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். ஊரையும் வட்டத்தையும் சொல்லப்போவதில்லை. எங்கள் பரளச்சிப் பக்கத்தைப் போலவே அதுவும் மானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைவதே அபூர்வம். ஒரு கார்த்திகையில் விடாமல் மழை பிடித்து, பல வருஷத்துக்குப் பிறகு கண்மாய் கலுங்கு தொட்டது. நடுச்சாமத்தில் மடையை ஒட்டிக் கரையில் கசிவு. வட்டாட்சியர் பொறியாளரைக் கூப்பிட்டார். அவர் வேறொரு உடைப்பில் நின்றுகொண்டிருந்தார். மேலே கூப்பிட்டார்; கோப்பு அனுப்பச் சொன்னார்கள். கசிவு பெருத்து மண் கரைந்து வர ஆரம்பித்ததும், தனியார் ஜேசிபி ஒன்றை வரவழைத்து, பக்கத்துப் புறம்போக்கில் கிராவல் அள்ளி, ஊர்க்காரர்கள் மூட்டை கட்டிக் கொடுக்க, விடியுமுன் கரையைக் கெட்டிப்படுத்தினார். கரை நின்றது. அந்த வருஷம் ஆயக்கட்டு முழுவதும் நெல் விளைந்தது.

தணிக்கை பிறகு வந்தது. கொட்டேஷன் வாங்கவில்லை, கனிமத் துறை அனுமதி இல்லாமல் கிராவல் எடுக்கப்பட்டது, கண்மாய் வேறு துறையைச் சேர்ந்தது. தணிக்கைத் தடை குறிப்பாணையாகி, குறிப்பாணை 17-பி ஆயிற்று. அரசு வேலை பார்க்கும் குடும்பங்களில் இந்த 17-பி என்பதைச் சிறு பிள்ளைகள்கூட அறியும்: தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு விதிகளில் பெருந்தண்டனைக்கான பிரிவு. ஓய்வு பெற வேண்டிய மாதத்தில் அவரை ஓய்வு பெற விடவில்லை. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணிக்கொடையும் நின்றுபோயிற்று.

விசாரணையில் அவரிடம் கேட்ட ஒரு கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை. “கரை உடைந்திருக்கும் என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம்?” அவர் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வார்? உடைந்த கரைக்குப் போட்டோ உண்டு, பஞ்சநாமா உண்டு, பத்திரிகைச் செய்தி உண்டு. உடையாத கரைக்கு எதுவும் கிடையாது. வராமல் தடுத்த கேடு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. தடுக்க ஆன செலவு மட்டும் ரூபாய் பைசாவாக நிற்கிறது. அதே இரவில் அடுத்த பிர்க்காவில் இன்னொரு கண்மாய் உடைந்து வயலெல்லாம் மணல் மேடாயிற்று. அங்கே எல்லாம் முறைப்படி நடந்திருந்தது. கடிதம் போயிருந்தது, தெளிவுரை வேண்டப்பட்டிருந்தது, கோப்பின் மேல் “பேசவும்” என்று ஒரு கையெழுத்து இருந்தது. இயற்கைச் சீற்றம் என்று அறிக்கை முடிந்தது. யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை.

பிட்டுக்கு மண் சுமந்த கதை எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதுவும் கரை அடைக்கிற வேலைதானே. வைகைக் கரையில் கூலியாளாக வந்தவன் முதுகில் பாண்டியன் பிரம்பு விழுந்தது; அந்த அடி அரசன் முதுகிலும், அரசி முதுகிலும், ஊரிலிருந்த எல்லா உயிரின் முதுகிலும் விழுந்தது. அந்த வட்டாட்சியருக்குப் பிறகு வந்தவர்கள் பல வருஷம் வாய்மொழி உத்தரவு ஒன்றுகூடப் போட்டதில்லை. கூட்டுப் பட்டாவில் அப்பன் பெயர் மாறாமல் கிடக்கும் மானாவாரி நிலத்துக்கு அடங்கல் கொடுக்கவே கிராம நிர்வாக அலுவலர்கள் பயந்தார்கள். உழுது விதைத்தவன் இன்னான் என்று ஊருக்கே தெரியும். இருந்தும் நாளைக்குப் பங்காளி ஒருவன் மனுப் போட்டால் என்ன செய்வது என்று, மிளகாயும் மல்லியும் கருகிப்போன சம்சாரிகளின் பெயர் நிவாரணப் பட்டியலில் ஏறவில்லை. ஒருவர் முதுகில் விழுந்த அடி அவர்கள் வீட்டு அடுப்பு வரைக்கும் போயிற்று.

இதைவிடப் பெரிய அடி ஒன்றைத் தாது வருஷப் பஞ்சத்தில் இந்தச் சீமை வாங்கியிருக்கிறது. ரிச்சர்டு டெம்பிள் என்கிற வெள்ளைக்கார அதிகாரி 1873–74-ல் பீகாரில் பஞ்சம் தலைகாட்டியபோது, பர்மாவிலிருந்து சுமார் நாலரை லட்சம் டன் அரிசி இறக்குமதி செய்து மக்களைக் காப்பாற்றினார். பஞ்சச் சாவு மிகக் குறைவு. அதற்குக் கிடைத்தது ஊதாரி என்ற பழி. இத்தனை பேர் சாகவில்லை என்பதே, இவ்வளவு செலவு தேவையில்லாதது என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. உடையாத கரையின் கதைதான். 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அதே டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். இந்த முறை அவர் சிக்கனக்காரராக வந்தார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார்; ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், உழைக்கிற உடம்புக்கு இது பற்றாது என்று விடாமல் எழுதினார். அந்தப் பஞ்சத்தில் நாடு முழுக்க மாண்டவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. டெம்பிளை நான் மன்னிக்கவில்லை. பழிச்சொல் கேட்டபிறகும் மனம் மாறாதவர்கள் உண்டு. கார்னிஷ் மேலிடத்தை எதிர்த்து எழுதிக்கொண்டே இருந்தார். ஆனால் பீகாருக்காக டெம்பிளைத் திட்டியவர்களுக்கும் அந்தச் சாவுகளில் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

1880-ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வந்து, அதிலிருந்து பஞ்ச விதித்தொகுப்புகள் பிறந்தன. எந்த அறிகுறி தெரிந்தால் நிவாரண வேலையைத் தொடங்கலாம் என்று எழுதிவைத்தார்கள். குறை நிறைய இருந்தாலும் அந்தத் தொகுப்பு ஒரு நல்ல காரியம் செய்தது: களஞ்சியத்தைத் திறப்பவன் தாமாஜியாக இருக்கவேண்டிய கட்டாயம் குறைந்தது. இன்றைக்கு 2005-ன் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்கு வழக்கிலிருந்து காப்புக் கொடுக்கிறது. ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைக்கான 1998-ன் தமிழ்நாட்டுச் சட்டத்திலும் பேரிடர்க் காலத்துக்கு விலக்கு உண்டு.

நல்லெண்ணம் என்பதை எதை வைத்து அளப்பது? சட்டத்துக்குள்ளேயே இரண்டு அளவுகோல் இருக்கிறது. 1897-ன் பொது வாசகங்கள் சட்டம், நேர்மையாகச் செய்திருந்தால் போதும், கவனக்குறைவாக இருந்தாலும் அது நல்லெண்ணம்தான் என்கிறது. 1860-ன் தண்டனைச் சட்டமோ உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்தது எதுவும் நல்லெண்ணம் ஆகாது என்றது. இப்போதைய நியாய சம்ஹிதையும் அதையே வைத்திருக்கிறது. மதுரையில் கோவலனைக் கொல்லச் சொன்ன பாண்டியனை நினைத்துக்கொள்ளுங்கள். லஞ்சம் வாங்கினானா? கோவலன் மேல் பகை உண்டா? இல்லை. பொற்கொல்லன் சொன்னதை உண்மையிலேயே நம்பினான். முதல் அளவில் அவன் தப்பிவிடுவான். ஆனால் சிலம்பை வரவழைத்துப் பார்க்கவில்லை, அந்த மனிதனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டாவது அளவில் அவன் நிற்க முடியாது. எந்தச் சட்டத்தையும் தேடாமல் அவனே தன் தீர்ப்பைச் சொல்லி விழுந்து இறந்தான். நானும் இரண்டாவது அளவின் பக்கம்தான். மனசு சுத்தம் என்பது எனக்கும் கடவுளுக்கும் நடுவில் உள்ள விஷயம். என் கையெழுத்தால் ஒரு குடும்பம் வாழவோ கெடவோ போகிறதென்றால், நான் விசாரித்தேனா என்று கேட்க அந்தக் குடும்பத்துக்கு உரிமை உண்டு.

கடமையைச் செய், பலனை நினைக்காதே என்று கீதையைச் சொல்லி ஆறுதல்படும் அதிகாரிகளோடு எனக்குச் சண்டையே உண்டு. திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமணரும், வினை சடம், பலன் தருவது கர்த்தா என்றுதான் உபதேசித்தார். அதில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. செய்கிறவன் தன் பலனைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பது மெய்யான விடுதலை. பதவி உயர்வு போனாலும் போகட்டும் என்று கையெழுத்துப் போட அந்த விடுதலை வேண்டும். ஆனால் பலனை அனுபவிக்கிறவன் மடைக்குக் கீழே வயல் வைத்திருக்கும் சம்சாரி. அவனுடைய பலனை மறந்துவிடச் சொல்லி எந்த மகானும் சொல்லவில்லை. செய்யாமல் இருப்பதும் வினைதான் என்பதைக் கீதை நாலாம் அத்தியாயத்தில் எச்சரிக்கிறதே, அதை ஏன் அலுவலகத்தில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை?

காப்பு கொடுத்தால் திருடனும் அதற்குள் ஒளிந்துகொள்வான் என்பது நியாயமான பயம். பட்டா மாறுதலுக்குக் கை நீட்டியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். தில்லியில் நிலக்கரித் துறைச் செயலாளராக இருந்த எச்.சி. குப்தாவின் நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டு வழக்கு இதில் இரண்டு பக்கத்தையும் யோசிக்க வைத்தது. வக்கீல் வைக்கப் பணமில்லை, சிறையில் இருந்தே வழக்கைச் சந்திக்கிறேன் என்று 2016-ல் நீதிமன்றத்தில் சொன்னார். 2017-ல் இரண்டாண்டுத் தண்டனை பெற்றார். பொதுநலன் இல்லாமல் ஒருவருக்கு ஆதாயம் கிடைத்தாலே குற்றம் என்றிருந்த ஊழல் தடுப்புச் சட்டப் பிரிவை 2018-ல் நீக்கினார்கள். முடிவெடுத்ததற்காக ஒரு அதிகாரியை விசாரிக்க முன் அனுமதி வேண்டும் என்று 17-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். பழைய பிரிவை நீக்கியது சரி. முன் அனுமதி என்கிற பூட்டு எனக்குப் பிடிக்கவில்லை. அனுமதி கொடுக்கிற கை யாருடையதோ அவருக்கு வேண்டியவர்கள்தான் அதில் பிழைப்பார்கள். எங்கள் வட்டாட்சியரைப் போன்ற ஆள் இல்லாதவருக்கு அது உதவாது. அவரைக் கடைசியில் காப்பாற்றியது வேறொன்று.

அந்த இரவு அவர் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிவைத்திருந்தார். எத்தனை மணிக்குக் கசிவைப் பார்த்தேன், யார் யாரைக் கூப்பிட்டேன், அவர்கள் என்ன சொன்னார்கள், ஏன் இனிக் காத்திருக்க முடியாது. கீழே தேதி, நேரம், தன் கையெழுத்து, தலையாரியின் கையெழுத்து. மறுநாள் காலையிலேயே அதை மாவட்டத்துக்கு அனுப்பி, நகலைக் கோப்பில் சேர்த்தார். அந்தத் தாளை வைத்துத்தான் மேல்முறையீட்டில் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அதற்குள் மகள் கல்யாணம் கடனில் நடந்து முடிந்திருந்தது. ஓய்வு பெறும் நாளில் பணியிடை நீக்கம் செய்யும் வழக்கத்தைக் கைவிடுவதாகத் தமிழக அரசு 2021-ல் அறிவித்தபோது, அவர் அதைக் கேட்க உயிரோடு இல்லை.

இப்போது வேலைக்குச் சேர்கிற பிள்ளைகள் பரளச்சிக்கு என்னைத் தேடி வந்து, “அம்மா, துணிந்து கையெழுத்துப் போடலாமா?” என்று கேட்கிறார்கள். அந்தத் தாளில் இருந்த நாலு விஷயத்தையும் எழுதச் சொல்கிறேன்; ஒளித்து எழுதாமல் அன்றைக்கே மேலே அனுப்பச் சொல்கிறேன். திருடனால் அப்படி ஒரு தாளை அன்றைக்கே எழுதி எல்லோருக்கும் அனுப்ப முடியாது. விசாரிக்க வருகிறவர்களிடம் கேட்பதும் ஒன்று உண்டு. கரையை அடைத்தவரின் கோப்பை எடுக்கும்போது, அதே இரவில் உடைந்த கண்மாயின் கோப்பையும் சேர்த்து மேஜைக்கு வரவழையுங்கள். “பேசவும்” என்று எழுதியவர் யாரோடு, எத்தனை மணிக்குப் பேசினார் என்று அவரிடமும் எழுத்தில் விளக்கம் வாங்குங்கள்.