முதுகும் சவுக்கும்

'என் மனச்சாட்சிப்படிதான் நடந்தேன்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் அவரிடம் வாதாட நமக்கு மனம் வருவதில்லை. மனச்சாட்சி என்பது உள்ளே உட்கார்ந்திருக்கும் நீதிபதி. அதன் தீர்ப்பு தப்பாது என்று ஒரு நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் சரி? இதை எண்ணும்போதெல்லாம் அமெரிக்க பாப்டிஸ்டுகளின் சரித்திரம் என் நினைவுக்கு வருகிறது.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை ஒப்புக்கொள்ளாத கிறிஸ்தவர்கள் இவர்கள். விவரம் தெரிந்த பிறகு, தானே விசுவாசித்து, தானே விரும்பி ஒருவன் தண்ணீரில் முழுகி எழவேண்டும் என்பது இவர்கள் கொள்கை. கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: பிறப்பினால் ஒருவனுக்கு மதம் வராது என்றால், சர்க்கார் உத்தரவினாலும் வராது அல்லவா? மாசசூஸெட்ஸ் குடியேற்றத்தை ஆண்ட பியூரிட்டன்களுக்கு இது பொறுக்கவில்லை. அவர்களே மதத் தொல்லை தாங்காமல் இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் என்பதுதான் வேடிக்கை!

1651-ம் ஆண்டு ஒபதையா ஹோம்ஸ் என்ற பாப்டிஸ்டும் அவருடைய நண்பர்கள் இருவரும் லின் என்ற ஊரில் கண் தெரியாத ஒரு கிழவரைப் பார்க்கப் போனார்கள். அவர் வீட்டில் ஆராதனை நடத்தியதற்காகப் பிடிபட்டார்கள். ஹோம்ஸுக்கு 30 பவுன் அபராதம், கட்டாவிட்டால் சவுக்கடி. பணம் கட்ட நண்பர்கள் முன்வந்தும் அவர் சம்மதிக்கவில்லை. பாஸ்டன் நகரில் அவர் முதுகில் 30 அடிகள் விழுந்தன.

இப்படிப்பட்டவர்களுக்குப் புகலிடம் தந்தது பக்கத்து ரோட் ஐலண்ட். மாசசூஸெட்ஸிலிருந்து துரத்தப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ் 1636-ல் அங்கே பிராவிடன்ஸ் நகரை நிறுவினார். அமெரிக்காவின் முதல் பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கியவரும் அவரே. சில மாதங்களில் அதைவிட்டு விலகியவரும் அவரே. யூதரானாலும் துருக்கரானாலும் நம்பிக்கைக்காக ஒருவரையும் தண்டிக்கக்கூடாது என்று அவர் வாதாடினார். பின்னால் டான்பரி நகரத்து பாப்டிஸ்டுகள் தங்கள் குறையை எழுதி அனுப்பியபோது, 1802-ல் ஜனாதிபதி ஜெஃபர்ஸன் அனுப்பிய பதிலில்தான் மதத்துக்கும் அரசுக்கும் நடுவே ஒரு சுவர் என்ற பிரசித்தமான பேச்சு வந்தது.

இவ்வளவு பெருமைக்கும் பிறகு ஒரு முள் இருக்கிறது. தென் மாகாணங்களில் பாப்டிஸ்டுகள் பெருகினார்கள். அடிமைகளை வைத்திருந்த பண்ணைக்காரர்களிலும் அவர்கள் இருந்தார்கள், அடிமைகளிலும் இருந்தார்கள். அடிமை வைத்திருப்பவரை மிஷனரியாக நியமிக்க வடக்கத்தியார் மறுத்தபோது, தெற்கத்தியார் 1845-ல் அகஸ்டா நகரில் கூடித் தனி மகாநாடு அமைத்துக்கொண்டார்கள். 150 ஆண்டுகள் கழித்து, 1995-ல்தான் அந்த மகாநாடு மன்னிப்புக் கேட்டது.

அவர்கள் எல்லோரும் வேஷக்காரர்களா? அப்படி நினைத்துவிட்டால் நமக்குச் சௌகரியம். பலர் வேதப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மனச்சாட்சி உறுத்தாமலே பேசினார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

ஹோம்ஸ் தம் மனச்சாட்சிக்குத் தம் முதுகையே விலையாகக் கொடுத்தார். பண்ணைக்காரருடைய மனச்சாட்சிக்கோ வேறொருவன் முதுகு விலையாயிற்று. துன்பப்பட்டவன் துன்பம் செய்யமாட்டான் என்றும் சொல்வதற்கில்லை. பியூரிட்டன்களே அதற்கு அத்தாட்சி.

பின் எதைத்தான் நம்புவது? அந்த அடிமைகளும் அதே வேதத்தைத்தான் கேட்டார்கள். அதில் அவர்களுக்கு விடுதலை கேட்டது. அவர்கள் வளர்த்த சபைகளிலிருந்துதான் மார்ட்டின் லூதர் கிங் என்ற பாப்டிஸ்ட் போதகர் வந்தார். 1955-ல் மான்ட்கமரி நகரில் தொடங்கிய பஸ் பகிஷ்காரம் அவர் தலைமையில் 381 நாட்கள் நடந்தது. வெள்ளைக்காரச் சபைகள் ஒரு நாள் அந்த அடிமைகளைக் கூப்பிட்டு, 'நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?' என்று கேட்டிருந்தால் நூறு ஆண்டுக் கொடுமை குறைந்திருக்கும்.

மனச்சாட்சி என்று நம் பாஷையில் சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். அது சாட்சி, நீதிபதி அல்ல. ஒரே ஒரு சாட்சியை, அதுவும் நம் வீட்டுச் சாட்சியை மட்டும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது எந்த ஊர் நியாயம்? பெண்ணின் கல்யாணத்தை நிச்சயிக்கும்போதும், வேலைக்காரியின் சம்பளத்தைப் பேசும்போதும், நம் மனச்சாட்சியைக் கேட்பது நல்லதுதான். கூடவே அந்தப் பெண்ணையும் அந்த வேலைக்காரியையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் இன்னும் நல்லது.