சூளையில் போன 44 கிலோ

நான் வேலை பார்க்கும் ஓஎம்ஆர் கட்டடத்தின் வரவேற்பறையில் 'பசுமைக் கட்டடம்' என்று ஒரு சான்றிதழ் தொங்குகிறது. கூரையில் சோலார், ஏசி 24 டிகிரிக்குக் கீழே இறங்காது. நல்ல விஷயம்தான், கிண்டல் பண்ணல. ஆனால் எனக்கு ஊர் அரியலூர். அதைப் பார்க்கும்போதெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிதான் ஞாபகத்துக்கு வருது.

கிரெட்டேசியஸ் காலத்தில் எங்க ஊர் கடல். பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் கிடக்கு; வாரணவாசியில் அம்மோனைட்டுகளுக்கு அருங்காட்சியகமே இருக்கு. அந்தக் கடலுயிர்கள் ஓட்டுக்குள் பூட்டி வைத்த கரியைத்தான் சிமெண்ட் சூளை திறந்துவிடுகிறது. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். எரிபொருள் புகை தனி. சூளையைச் சூரிய மின்சாரத்திலேயே ஓட்டினாலும் இந்த 44 குறையாது.

அது யார் கணக்கு? ஆலையுடையது என்கிறோம். ஆலை தனக்காகவா சுட்டது?

ஆலையை மூடு என்றும் என்னால் சொல்ல முடியாது. அந்தச் சம்பளத்தில்தான் பக்கத்து வீட்டு அண்ணன் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். சூளையில் வரும் கிளிங்கரைப் பாதியாக்கி, மீதிக்குச் சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் பொடியும் சேர்க்கிற எல்சி3 சிமெண்ட் இருக்கு. ஐஐடி மெட்ராஸிலும் அதற்கு ஆய்வு நடந்திருக்கு. கட்டுகிறவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம். கட்டாமலே இருக்கலாம் என்பது அதைவிட மலிவான வழி.

எங்க நிறுவனம் புதுக் கட்டடத்துக்கு மாறப் போகுது. இன்னும் பெரிய சான்றிதழாம். இதுக்கு என்ன குறைச்சல் என்று கூட்டத்தில் கேட்டேன்.

லிஃப்ட் மெதுவாப் போகுதாம்.