மருத்துவத்தின் ஐந்தாம் கூறு

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிசெய்வோர் என மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்தார் வள்ளுவர். இன்றைய உலகில் இவற்றோடு ஐந்தாவது ஒன்றும் சேர்ந்துள்ளது. சிகிச்சைக்குப் பணம் செலுத்துவோரே அவ்வைந்தாமவர். அவர் நோயாளியின் முகத்தைக் கண்டதில்லை. எனினும் அவரது ஒப்புதலின்றிச் சிகிச்சை தொடங்குவதில்லை. அவருக்குரிய அறம் யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் வினாவாகும்.

மார்பகப் புற்றுநோய் இவ்வினாவைக் கூர்மைப்படுத்துகின்றது. சத்திரசிகிச்சை, இரசாயன மருந்து, கதிர்வீச்சு என அதன் சிகிச்சை பல மாதங்கள் நீள்வது. சிலருக்கு ஓமோன் மருந்து ஐந்தாண்டுகளும் அதற்கு மேலும் தொடர்வது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பலரும் தொழில்வழிக் காப்புறுதியையே நம்பி வாழ்கின்றனர். ஆதலின், நோயினால் தொழிலை இழப்பவர் காப்புறுதியையும் இழக்க நேரலாம். முன்பே நோயுற்றிருந்தார் என்னும் காரணத்தால் ஒருவருக்குக் காப்புறுதியை மறுக்கும் வழக்கத்துக்கு, 2010 இல் இயற்றப்பட்ட சட்டமொன்றே 2014 முதல் பெரிதும் முடிவு கட்டியது.

கலிபோர்னியாவில் நிகழ்ந்த வழக்கொன்றை நோக்குவோம். மிகை அளவில் இரசாயன மருந்தைச் செலுத்தி, அதனால் அழியும் என்பு மச்சையை, நோயாளியிடமிருந்து முன்பே எடுத்துவைத்த மச்சையால் மீள நிரப்பும் சிகிச்சையைப் பெண்ணொருவர் 1992 இல் வேண்டினார். அது பரிசோதனை நிலையிலுள்ளதெனக் காப்புறுதி நிறுவனம் மறுத்தது. உற்றாரும் ஊராரும் இரண்டு இலட்சம் டொலருக்கு மேல் திரட்டிக் கொடுக்க, அவர் அச்சிகிச்சையைப் பெற்றார். எனினும் 1993 இல் காலமானார். அவ்வாண்டின் இறுதியில், நிறுவனம் ஏறத்தாழ 89 மில்லியன் டொலரை நட்டஈடாகவும் தண்டமாகவும் செலுத்த வேண்டுமென ஜூரிகள் தீர்ப்பளித்தனர். பின்னர் அதனிலும் குறைந்த தொகைக்கு இணக்கம் காணப்பட்டது.

வரலாறு இத்துடன் முடிந்திருப்பின் எமது தீர்ப்பும் எளிதாகவே அமைந்திருக்கும். ஆனால், அச்சிகிச்சை வழமையான சிகிச்சையை விட ஆயுளை நீட்டவில்லை என்பதை 1999 இல் வெளியான ஆய்வு முடிவுகள் பெரும்பாலும் காட்டின. அதற்குச் சாதகமாக நின்ற தென்னாபிரிக்க ஆய்வு மோசடியானதென 2000 ஆம் ஆண்டில் தெரியவந்தது. அவ்வாறாயின் மறுத்த நிறுவனமே நேரியது என்று கூறலாமா?

கூறலாகாது என்பதே எமது துணிபு. முடிவு பின்னர் சரியாகிவிட்டமையால் முடிவெடுத்த முறை அறமாகிவிடாது. செலவைக் குறைத்தமைக்காக மருத்துவ அதிகாரிகளுக்கு மேலூதியம் வழங்கப்பட்டதென வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது. மறுப்பதனால் இலாபமடைபவர் உண்மையையே உரைப்பினும் நோயாளி அதனை எவ்வாறு நம்புவார்? மறுத்தது அறிவா, ஆதாயமா என்பதை அவரால் பிரித்தறிய இயலாது. இந்நம்பிக்கையின்மையின் விளைவு பாரதூரமானது. தீர்ப்புக்கு அஞ்சிய நிறுவனங்கள் பணம் செலுத்தலாயின; ஆயிரக்கணக்கான பெண்கள் அக்கடுஞ்சிகிச்சைக்கு உள்ளாயினர். ஆய்வுக்கு வெளியே சிகிச்சை கிடைத்தமையால் ஆய்வில் சேர்வோர் குறைந்தனர். உண்மை வெளிப்படுவதும் தாமதமாயிற்று.

பொது நிதி எல்லையுடையது. கேட்டவை அனைத்தையும் ஒருவருக்கு அளிப்பின் மற்றொருவரின் பங்கு குறையும் என்பர் சிலர். இது மறுக்கவியலாத வாதமே. ஆகவே ஐந்தாமவர் ஒருபோதும் மறுக்கலாகாது என நாம் வேண்டவில்லை. மறுப்பவர் மறுப்பினால் பயனடைபவராக இருத்தலாகாது. காரணம் விளக்கமாகக் கூறப்படல் வேண்டும். நடுவுநிலையான பிறரிடம் முறையிட வழியிருத்தல் வேண்டும். இவை அனைத்திலும் மேலாக, ஒரு சிகிச்சையை மறுப்பது வேறு, நோயாளியைக் கைவிடுவது வேறு என்பது மனங்கொள்ளப்படல் வேண்டும். மார்பகத்தை அகற்றும் சத்திரசிகிச்சைக்குப் பணம் செலுத்தும் காப்புறுதி, மார்பக மீளமைப்புக்கும் செயற்கை மார்பகத்துக்கும் பின்விளைவான கைவீக்கத்துக்கும் செலுத்த வேண்டுமென 1998 இல் அமெரிக்கச் சட்டம் விதித்தது. கட்டி அகன்றதும் நோயாளி மீண்டுவிடுவதில்லை என்னும் உண்மையைச் சட்டமும் ஏற்றுக்கொண்டமைக்கு இது சான்றாகும்.

எமது நாட்டின் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை பொதுவாக இலவசமாகவே கிடைக்கின்றது. ஆயினும் ஐந்தாமவர் இங்கும் உளர். எம்மருந்தை எவ்வளவு வாங்குவதெனத் தீர்மானிக்கும் அரசே அவர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் தட்டுப்பட்டபோது, 'இல்லை' என்னும் சொல்லை எமது நோயாளரும் கேட்க நேர்ந்தது. அச்சொல்லைக் கூறுவோர் காரணத்தையும் கூறினரா, மாற்று வழியைக் காட்டினரா என வினவும் உரிமை எமக்கும் உண்டு.

காப்புறுதி என்னும் சொல்லில் காப்பும் உண்டு, உறுதியும் உண்டு. எல்லா நோயினின்றும் காப்பளித்தல் எவராலும் இயலாது. நோயாளியைக் கைவிடோம் என்னும் உறுதியை அளித்தல் ஐந்தாமவரால் இயலும். அதுவே அவருக்குரிய அறமுமாகும்.