வகுபடும், ஆனால் எதால்?

147573952589676412927. இரண்டின் 67ஆவது அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண். 1644இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இதைப் பகா எண்கள் பட்டியலில் சேர்த்துவிட்டார். 1876இல் எதுவார் லூக்கா இது பகா எண் இல்லை என்று காட்டினார். எதால் வகுபடும் என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை.

அதெப்படி என்று எனக்கு ரொம்ப நாள் குழப்பம். லூக்காவின் சோதனையைப் பிற்பாடு லெமர் எளிமையாக்கினார். நாலில் தொடங்கு. வர்க்கப்படுத்து, இரண்டைக் கழி, நம் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். இதையே 65 தடவை செய். கடைசியில் பூச்சியம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான். வழியில் ஒரு காரணியைக்கூடத் தொடுவதில்லை. வீட்டுக்குள் திருடன் இருக்கிறான் என்று சொல்லும். எந்த அறையில் என்று சொல்லாது.

1903 அக்டோபர் 31, நியூயார்க். அமெரிக்கக் கணிதவியல் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்து, வாயே திறக்காமல் கரும்பலகையில் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கிக் காட்டினாராம். மேலே சொன்ன எண் வந்தது. போய் உட்கார்ந்தார், அரங்கம் கைதட்டியது. எரிக் டெம்பிள் பெல் எழுதிவைத்த கதை இது. (பெல் கொஞ்சம் மசாலா சேர்க்கிறவர்தான்.) மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்ததாம்.

ஆனால் வகுபடும் என்பது 27 வருடமாகத் தெரிந்த சங்கதி. அப்புறம் எதற்குக் கைதட்டல்? இனி லூக்காவை நம்ப வேண்டியதில்லை, பெருக்கத் தெரிந்தால் போதும் என்பதற்காகவா?

எனக்கு இந்தக் கேள்வி வந்தது ஆபீஸில். டீமில் புதிதாகச் சேர்ந்த பையனின் கோடைச் சேர்த்ததும் கணக்கு உதைத்தது. "இது தப்பு" என்று ரிவ்யூவில் எழுதி நிறுத்திவைத்தேன்.

"எங்கேன்னு காட்டுங்கண்ணா."

"டெஸ்ட் ஃபெயில் ஆகுதுல்ல? அதுக்கு மேல என்ன?"

மூன்று வார இறுதிகள் உட்கார்ந்து கண்டுபிடித்தான். பிழை, நான் எப்போதோ எழுதிய ஃபங்ஷனில் இருந்தது. அவன் கோடு அதை முதன்முதலாகக் கூப்பிட்டது, அவ்வளவே.

எங்கோ தப்பு என்று டெஸ்ட் சொன்னது நிஜம். 'உன்னிடம்' என்பதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். லூக்கா அப்படி எதையும் சேர்க்கவில்லை. சோதனை சொன்னதோடு நிறுத்திக்கொண்டார்.

போன வாரம் சும்மா ஒரு புரோகிராம் எழுதிப் பார்த்தேன். இந்த எண்ணின் காரணி எதுவானாலும் அதை 134ஆல் வகுத்தால் மீதி ஒன்றுதான் வரும். அப்படிப்பட்ட எண்களை மட்டும் வரிசையாகச் சோதித்தால் போதும். 1445580ஆவது முயற்சியில் கோலின் முதல் எண் கிடைத்தது. ஒரு விநாடிகூட ஆகவில்லை. அதை அந்தப் பையனுக்கு அனுப்பலாம் என்று நம்பரை எடுத்தேன். அந்த மூன்று வார இறுதிகளுக்கு இன்னும் ஒரு சாரிகூடச் சொல்லவில்லை என்று ஞாபகம் வந்தது.