சந்தைக்கு வழி எது?

மேற்படிப்பின் பொருட்டுக் கடல் கடந்து பெருநகருக்கு வரும் ஓர் இளைஞனுக்கு, முன்னரே குடியேறிவிட்ட உறவினர் செய்யவேண்டிய உதவி யாது? அவ்வுதவி எந்த இடத்தில் நிற்கவேண்டும்? முதல் வினாவுக்கு நம்மில் எவரும் தயங்காமல் விடை சொல்வோம்: சோறு, படுக்கை, கைச்செலவுக்குப் பணம். இரண்டாம் வினாவை நாம் கேட்டுக்கொள்வதே இல்லை. சென்ற ஆண்டு நம் செரண்டாவில் நடந்த ஒன்று அதைக் கேட்கும்படி செய்துவிட்டது.

நம் கடைக்காரர் ஒருவரின் தங்கை மகன், இராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளை, கோலாலம்பூரில் முதுநிலைப் பட்டம் படிக்க வந்தான். "மாமு வீடு இருக்கையில் வாடகை அறை எதற்கு?" என்றார் ஊரிலிருந்த தாயார். மாமுவும் அதையே சொன்னார். விடியுமுன் எழுந்து ரயிலேறி, ரவாங், குவாங், சுங்கை பூலோ, கெப்போங் என்று ஒவ்வொரு நிலையமாகக் கடந்து, நகரில் வண்டி மாறி வகுப்புக்குப் போவான். இருட்டிய பின் திரும்புவான். வந்ததும், "தம்பி, சற்றுக் கல்லாவைப் பார்த்துக்கொள்" என்பார் மாமு. கெட்ட எண்ணம் ஏதுமில்லை. கடையில் வளர்ந்தவருக்கு ஒருவனைக் கல்லாவில் உட்காரவைப்பதைக் காட்டிலும் பெரிய மரியாதை வேறு தெரியாது. "கைதவறிப் போய்விடும்" என்று அவனுடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்தார்.

நான்கு மாதம் சென்றும் அவனுக்கு நகரில் ஒரு நண்பன் வாய்க்கவில்லை. ஆசிரியர் மாலை வேளைகளில் கூட்டும் ஆய்வுக் கூட்டத்துக்கு ஒருநாளும் போனதில்லை; ரயிலைப் பிடிக்கவேண்டுமே! "நான் கோலாலம்பூருக்கு வந்தேனா, செரண்டாவுக்கு வந்தேனா என்று அத்தா கேட்டால் என்ன சொல்வது?" என்று ஒருநாள் நம்மிடம் மெல்லக் கேட்டான். அக்கேள்வி நம்மைச் சுட்டது.

சட்டத்தையும் இங்கே சொல்லிவிடுவோம். வியாபாரிகள் அறியாதிருப்பது ஆபத்து. மாணவர் அனுமதியில் வந்தவர் பாட நாட்களில் கடையில் வேலை செய்யலாகாது. நீண்ட விடுமுறையில் மட்டும், குடிநுழைவுத் துறையின் ஒப்புதலோடு, வாரம் 20 மணி நேரத்துக்கு மேற்படாமல் சில வகை வேலைகள் செய்யலாம். அப்போதும் கல்லாவில் உட்காருவது கூடாது. பிறர் பாஸ்போர்ட்டை உரிமையின்றி வைத்திருப்பதோ 1966ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம். பாசத்தால் வைத்திருந்தோம் என்பது எந்த அளவுக்குச் செல்லுபடியாகும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆனால் சட்டம் இவ்விஷயத்தின் ஓரம்தான். நம் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில் நம் பெரியவர்கள் பலர் வந்திறங்கினார்கள். வந்த பையனுக்குக் கடை மாடியில் பாய் கிடைத்தது. கப்பல் சீட்டுப் பணம் பேரேட்டில் அவன் பெயரில் பற்றெழுதப்பட்டது. அது தீரும்வரை அவன் கடையின் பையன். பலர் அவ்வழியே முதலாளியும் ஆனார்கள்; அதை நாம் இகழ மாட்டோம். தொழில் கற்க வந்தவனுக்குக் கடையே கல்லூரி. படிக்க வந்தவனுக்கு அப்படியன்று. ஆயினும் பற்றெழுதும் பழக்கம் நம் மனத்தில் நின்றுவிட்டது. பேரேடு மட்டுமே மறைந்தது.

ஹிஜ்ரத்தின்போது மதீனாவுக்கு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் செய்தியை நாம் பயானில் பலமுறை கேட்டிருக்கிறோம். அவரைச் சகோதரராக ஏற்ற ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். வந்தவரோ அவருக்காகத் துஆச் செய்து, சந்தைக்கு வழி காட்டினால் போதும் என்று சொல்லிவிட்டார். அன்றே போய் வியாபாரம் செய்து பாலாடைக் கட்டியும் நெய்யும் ஈட்டித் திரும்பினார். வியாபாரிகளாகிய நாம் இதில் வந்தவரின் ஊக்கத்தைப் புகழ்கிறோம். ஸஅத் அவர்கள் வழியைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றதை எண்ணிப் பார்ப்பதில்லை. பாதிச் செல்வத்தைக் கொடுப்பதைவிட அது எளிது என்று நாம் நம்பவில்லை.

"தனியே விட்டால் பிள்ளை கெட்டுப்போவான்" என்பார்கள். இது வெறும் சாக்கு அன்று. கணித மேதை இராமானுஜன் 1914 ஏப்ரலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் நெவில் என்னும் கணித ஆசிரியர் தம் வீட்டில் சில வாரம் வைத்துப் பேணி, பிறகு டிரினிட்டிக் கல்லூரி அறைக்குப் போகவிட்டார். அங்கே குளிரில் இராமானுஜன் மேலங்கியும் சால்வையும் போர்த்து நடுங்கிக்கொண்டே தூங்கினார். பின்னாளில் புள்ளியியல் அறிஞராய்ப் புகழ்பெற்ற மகலனோபிஸ் அப்போது அங்கே மாணவர். அவர் அறைக்கு வந்து பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் விரித்து ஓரம் செருகியபடியே இருக்கின்றன! அவற்றுக்கு இடையே நுழைந்து படுக்கவேண்டும் என்று இராமானுஜனுக்கு எவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மகலனோபிஸ் கம்பளியை விலக்கிக் காட்டினார். 1917இல் இராமானுஜன் கடும் நோயில் விழுந்தார்; 1919இல் ஊர் திரும்பி மறு ஆண்டே காலமானார். ஆகவே போகவிட்டால் மட்டும் போதும் என்று நாம் வாதிக்க வரவில்லை. போகவிட்ட பின்னும் கதவைத் தட்டிக் கம்பளியை விலக்கிக் காட்ட ஒருவர் வேண்டும். ஆனால் அவர் கட்டிலுக்குச் சொந்தக்காரராக இருக்கவேண்டியதில்லை.

நம்மில் மூவர் மாமுவிடம் போய்ப் பேசினோம். அவர் மனம் நொந்துவிட்டார். "விருந்தாளிக்கு மூன்று நாள் என்ற கணக்கு எனக்கும் தெரியும். என் தங்கை மகன் விருந்தாளியா? நான் கடன் கொடுத்தவனா, வட்டி கேட்டேனா?" என்றார். நமக்கு உடனே விடை வரவில்லை. உண்மையில் அவர் ஒரு வெள்ளியும் கேட்டதில்லை. அவன் மாலைகளை மட்டுமே எடுத்துக்கொண்டார். அதைச் சொன்னபோது இரண்டு வாரம் நம்மோடு பேசவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின், அவரே பாஸ்போர்ட்டை எடுத்துவந்து தம்பி கையில் கொடுத்தார். பல்கலைக்கழகத்துக்கு அருகே மூன்று மாணவரோடு ஓர் அறை பார்த்தாயிற்று. முன்பணம் மாமு கொடுத்தார். அதைப் பற்றெழுதவில்லை என்று நம்மிடம் இரண்டு முறை சொன்னார்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி எங்களைச் சாப்பிட அழைத்தான். நாங்கள் ரயிலேறிப் போனோம். மாமு வழியெல்லாம் பேசாமல் வந்தார். கையில் பிஸ்கட் பொட்டலம். தரையில் செய்தித்தாள் விரித்து, தானே சமைத்த சோறும் கோழி ஆணமும் பரிமாறினான். சோறு குழைந்திருந்தது, ஆணத்தில் உப்புக் கூடுதல். அறைத் தோழன் ஒருவன், வங்காளதேசத்துப் பிள்ளை, எங்களுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினான். மாமு உண்டு முடித்துத் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடு, தம்பி" என்றார்.