சம்மதித்தவன் குற்றவாளியா?

சம்மதம் என்பது மரியாதையான ஒரு சொல். கல்யாணத்துக்கு அது வேண்டும். காணி விற்க அது வேண்டும். கடன் பத்திரத்துக்கு அது வேண்டும். மனிதனை மனிதனாக மதிக்கிற எந்தக் காரியத்திலும் அவனுடைய சம்மதத்தைக் கேட்டே தீர வேண்டும் என்பது நாகரிகத்தின் முதல் பாடம். ஆனால் எல்லாச் சம்மதமும் ஒரே இடத்திலிருந்து பிறப்பதில்லை. சிலவற்றை அறிவு சொல்கிறது. சிலவற்றை ஆசை சொல்கிறது. சிலவற்றை வயிறு சொல்கிறது. வயிறு சொன்ன சம்மதத்தை அறிவு சொன்னதாகக் கணக்கெழுதிக்கொள்ள நமக்கு உரிமை உண்டா?

இந்தக் கேள்வியைப் பண்டிதர்களின் மண்டபத்தில் வைத்து விசாரிக்க நான் விரும்பவில்லை. சிவகாசிக்குக் கொண்டு போக விரும்புகிறேன்.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை என்று நீளும் அந்தக் கரிசல் பூமி வானம் பார்த்த பூமி. மழை மனம் வைத்தால் பருத்தி, இல்லாவிட்டால் புழுதி. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது. பட்டாசுக்கு ஒட்டும் காகிதத்துக்காக அச்சுத் தொழில் வளர்ந்தது. மழையின்மையே அந்த ஊருக்கு மூலதனமாயிற்று. வெயில் காய்ச்சிய காற்றில் மருந்தும் குச்சியும் சீக்கிரம் உலர்ந்தன. நிலம் கொடுக்காத கஞ்சியை அந்தத் தொழில் கொடுத்தது. இதை மறந்துவிட்டு அந்தத் தொழிலைப் பற்றிப் பேசுகிறவன் நியாயம் பேசுகிறவன் அல்லன்.

அங்கே தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்பார்கள். தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ். அந்த ஆபீஸ்களில் சட்டம் வகுத்த விதிகள் பல உண்டு. ஓர் அறையில் 4 பேருக்கு மேல் உட்காரக் கூடாது. அளவுக்கு மேல் மருந்தை அறையில் வைக்கக் கூடாது. கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. இரும்புக் கருவி கூடாது. அறைக்கு வெளியே, மரத்தடியில் உட்கார்ந்து வேலை செய்யக் கூடாது. கதவு வெளிப்பக்கமாகவே திறக்க வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் எப்போதோ யாரோ செத்திருக்கிறார்கள். விதி என்பது பல சாவுகளின் சுருக்கெழுத்து.

ஆனால் பலகையில் எழுதாத இன்னொரு விதியும் அங்கே உண்டு. அதற்கு 'பீஸ் ரேட்' என்று பெயர். எத்தனை எண்ணிக்கையோ அத்தனை காசு. பலகை, 'நிதானமாகச் செய்' என்கிறது. கூலி, 'வேகமாகச் செய்' என்கிறது. பலகையின் சொல்லைக் கேட்டால் உயிர் பிழைக்கலாம். கூலியின் சொல்லைக் கேட்டால் அந்த உயிரைக் காப்பாற்ற அரிசி வாங்கலாம். இந்த இரண்டில் எது உண்மையான ஒப்பந்தம்? சுவரில் தொங்குவதா, சனிக்கிழமை சாயங்காலம் கையில் எண்ணிக் கொடுக்கப்படுவதா?

எனக்குச் சந்தேகமே இல்லை. கூலியை நிர்ணயிக்கிறவன் எவனோ அவனே வேகத்தையும் நிர்ணயிக்கிறான். வேகத்தை நிர்ணயிக்கிறவன் ஆபத்தையும் நிர்ணயிக்கிறான். மற்றதெல்லாம் அலங்காரம்.

விபத்து நடந்த மறுநாள் பத்திரிகையைப் பாருங்கள். 'மருந்து உராய்வினால் தீப்பிடித்தது' என்றிருக்கும். சில நாள் கழித்துத் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்ற பேச்சு மெல்ல எழும். அவன் விதி தெரிந்தவன்தானே? அறிந்துதானே வந்தான்? யார் அவனைக் கட்டி இழுத்து வந்தார்கள்? பார்த்தால் நியாயமான கேள்விகள்தாம். இவற்றுக்கு வயதும் அதிகம். விரும்பி ஏற்றவனுக்கு அநீதி இல்லை என்று ரோமானியச் சட்டத்தில் ஒரு வாக்கியம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கை கால் இழந்த தொழிலாளிகள் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டபோது, இந்த வாக்கியத்தைச் சொல்லியே எத்தனையோ பேரை வெறுங்கையோடு திருப்பியனுப்பினார்கள். ஆபத்து தெரிந்து வேலைக்கு வந்தாய், அதற்கும் சேர்த்துத்தான் கூலி வாங்கினாய், போ!

பிறகு சட்டத்துக்கே வெட்கம் வந்தது. இங்கிலாந்தில் 1897-இல் ஒரு சட்டமும், நம் நாட்டில் 1923-இல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமும் பிறந்தன. நம்முடைய சட்டத்தில் இரண்டு ஏற்பாடுகள் என்னை மிகவும் யோசிக்க வைத்தவை. ஒன்று: 'விபத்து நேர்ந்தால் நஷ்டஈடு கேட்கமாட்டேன்' என்று தொழிலாளி எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்த எழுத்து செல்லாது. இரண்டு: தொழிலாளி பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியிருந்தால், காயத்துக்கு முதலாளி பொறுப்பில்லை என்று வாதிக்கலாம், ஆனால் அந்தத் தொழிலாளி செத்துப்போனால் அந்த வாதம் செல்லாது. விதியை மீறியவனுடைய குடும்பத்துக்கும் நஷ்டஈடு கொடுத்தே ஆகவேண்டும். 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இதே கொள்கையைத்தான் ஏற்றிருக்கிறது.

இது விசித்திரமாகத் தோன்றலாம். கையெழுத்தைச் சட்டம் ஏன் மதிக்கவில்லை? மீறியவனை ஏன் மன்னிக்கிறது? மன்னிக்கவில்லை. அவன் சாவே அவன் தவறுக்கு வேண்டிய அளவுக்கு மேலான தண்டனையாகிவிட்டது. மிச்சமிருப்பது அவன் பெண்டாட்டி பிள்ளைகள். அவர்கள் எதையும் மீறவில்லை, எதற்கும் சம்மதிக்கவுமில்லை.

கையெழுத்து என்றதும் தீப்பெட்டி சம்பந்தப்பட்ட இன்னொரு கதை ஞாபகம் வருகிறது. 1888-ஆம் ஆண்டு லண்டனில் பிரையன்ட் அண்ட் மே என்ற தீப்பெட்டிக் கம்பெனி இருந்தது. அதில் வேலை செய்த பெண்களுக்குப் பேசினால் அபராதம். கால் அழுக்காயிருந்தால் அபராதம். தாமதமாக வந்தால் அபராதம். வெண்பாஸ்பரத்தால் தாடை எலும்பு அழுகும் நோய் வேறு. பின்னாளில் நம்முடைய அடையாற்றில் வந்து வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையார் இதைப் பத்திரிகையில் எழுதினார். கம்பெனி என்ன செய்தது தெரியுமா? 'அந்தக் கட்டுரையில் வந்தது பொய். நாங்கள் திருப்தியாக இருக்கிறோம்' என்று அந்தப் பெண்களிடமே கையெழுத்துக் கேட்டது! அவர்கள் போட மறுத்தார்கள். சுமார் 1,400 பேர் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். வென்றார்கள்; அபராதங்கள் ஒழிந்தன.

அந்தக் காகிதத்தில் அவர்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் சம்மதம் என்றுதானே சரித்திரத்தில் பதிவாகியிருக்கும்?

நம் ஊர்ச் சிறு முதலாளி இங்கே குறுக்கிடுவார். அவரைக் கொடுமைக்காரராக நினைத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் நேற்று வரை தானும் தொழிலாளியாக இருந்தவர். "என்னங்க, லண்டன் கதையெல்லாம் இங்கே எதுக்கு? இவங்க எல்லாம் நம்ம ஊர்ப் பிள்ளைங்க. என்னை 'அண்ணாச்சி'ன்னு கூப்பிடறாங்க. கல்யாணம், காட்சி, ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் நான்தான் கொடுக்கிறேன். இவங்களோட நான் பத்திரம் எழுதிக்கிட்டா அது உறவா, வழக்கா?" என்பார்.

இந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. அதனால்தான் இது ஆபத்தான பேச்சு. உறவு நல்ல நாளைக்குப் போதும். காகிதம் கெட்ட நாளைக்காக. 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்தில் வெடித்தபோது 20 பேருக்கு மேல் மாண்டார்கள். உரிமம் ஒருவர் பேரில் இருக்க, அறைகளை உள்குத்தகைக்கு எடுத்து வேறு பலர் வேலை நடத்தியது அப்போது பெரிய பேச்சாயிற்று. இப்படிப்பட்ட இடத்தில் செத்தவனுக்கு யார் முதலாளி? அவன் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? எல்லோருக்கும் 'அண்ணாச்சி' உண்டு. ஒருவருக்கும் எஜமானன் இல்லை! பெயர் எழுதப்படாத மனிதன் இருந்ததற்கே சாட்சி தேட வேண்டியிருக்கிறது. அன்பு இருந்தால் அந்தப் பெயரை எழுதி வைப்பதில் என்ன கஷ்டம்? எழுத மறுக்கிற அன்பு, கணக்குப் பார்க்கிற அன்பு.

அண்ணாச்சி கொடுக்கிற முன்பணத்தையும் பார்க்க வேண்டும். அது உதவியாக வருகிறது, சங்கிலியாகத் தங்குகிறது. கொத்தடிமை முறையை 1976-இல் சட்டம் ஒழித்தது. 1982-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஆழமாகச் சென்றது. டில்லியில் ஆசிய விளையாட்டுக்கான கட்டிட வேலையில் இருந்தவர்களைப் பற்றிய வழக்கு அது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவன் வேலை செய்தால் அவன் கட்டாயத்தினால்தான் செய்கிறான், பசியும் வறுமையும் பலாத்காரமே என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. வயிறு சொன்ன சம்மதம் சம்மதமாகாது என்று ஒரு நீதிமன்றம் சொன்ன அந்த நாளைத் தத்துவ சாஸ்திரத்தில் நல்ல நாளாகவே நான் குறித்துக்கொள்கிறேன்.

சிவகாசிக் குழந்தைகள் விஷயமும் இதே வழியில்தான் முடிந்தது. குழந்தையும் 'போகிறேன்' என்றது. தாயும் 'போய் வா' என்றாள். 1996 டிசம்பர் 10-இல் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சம்மதங்களைத் தாயிடமோ குழந்தையிடமோ விசாரிக்கவில்லை. சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்தவன் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது.

'அப்படியானால் வளர்ந்த தொழிலாளியையும் குழந்தையாக்கிவிடுகிறீர்களா? அவனுக்குச் சொந்த புத்தி கிடையாதா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி, இதற்குப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. தொழிலாளிக்கு புத்தி உண்டு. அவன் வேகமாகச் செய்வதும் புத்தியினால்தான்; மகளின் பள்ளிச் செலவைக் கணக்குப் போட்டுத்தான் அவன் கை விரைகிறது. அவனுக்குப் பொறுப்பும் உண்டு. அறைக்குள் அளவுக்கு மேல் மருந்தைக் கொண்டு வருகிறவன் பக்கத்தில் இருக்கும் 3 பேரின் உயிரையும் சேர்த்துப் பணயம் வைக்கிறான். அவர்களிடம் அவன் சம்மதம் கேட்கவில்லை. ஆகவே அவனுடைய சம்மதத்தைச் செல்லாது என்று சொல்லி அவனைச் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. சம்மதம் கொடுத்தவனை விட்டுவிட்டு, கேட்டவனைப் பார்க்க வேண்டும். உயிரைப் பணயமாகக் கேட்பவனிடம், 'அவன் கொடுத்தான்' என்ற பதில் எடுபடாது. 'நீ ஏன் கேட்டாய்?' என்பதே அங்கே கேள்வி.

கேட்டவர்கள் வரிசையில் சிறு முதலாளி மட்டும் நிற்கவில்லை. அவரிடம் விலையைக் குறைக்கும் வடநாட்டு வியாபாரி நிற்கிறான். தீபாவளிக்கு முதல் நாள் கடையில் பாதி விலைக்குப் பேரம் பேசும் நாமும் நிற்கிறோம். 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்தபோது, நகரத்துக் காற்றுக்காக அது நியாயமாயிருக்கலாம். ஆனால் வேலை குறைந்த இடத்தில் வயிற்றின் குரல் இன்னும் உயரும் என்பதையும் நாம் நினைத்திருக்க வேண்டும்.

சட்டம் இப்போது காகிதத்தைக் கேட்கிறது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொகுப்புகள் தொழிலாளிக்கு நியமனக் கடிதம் கொடுப்பதைக் கடமையாக்குகின்றன. அதே சமயம், நிலையாணைகள் என்னும் நடத்தை விதிகளை முறையாக வகுத்துச் சான்று பெறும் கட்டாயம், 1946 சட்டத்தில் 100 பேர் உள்ள இடத்துக்கு இருந்தது, இப்போது 300 பேர் உள்ள இடத்துக்கு என்றாகிவிட்டது. சின்ன ஆபீஸ்கள் அதில் அகப்படமாட்டா. ஆகவே அங்கே விதி எழுதுவது மனச்சாட்சியின் வேலையாகிறது.

எழுதுங்கள் அண்ணாச்சி! ஒரே ஒரு தாள் போதும். தமிழில் எழுதுங்கள், படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பெயர், கூலி, நேரம், கூடாதவை எல்லாம் இருக்கட்டும். கீழே, நீங்கள் செய்யக் கூடாதவற்றையும் எழுதுங்கள். விதியைக் காட்டி வேலையை நிறுத்திய நேரத்துக்கும் கூலி உண்டு என்று எழுதுங்கள். பெண்பிள்ளைகளிடம் போர்மேன் தகாத வார்த்தை பேசினால் யாரிடம் சொல்வது என்று எழுதுங்கள். 10 பேருக்குக் குறைவான இடமானாலும் மாவட்டத்தில் அதற்கென்று குழு அமைக்கச் சொல்லி 2013 சட்டம் இருக்கிறது.

அந்தத் தாள் உண்மையானதா, அலங்காரமா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. பலமுள்ளவனுக்கு எதிராகப் பலமற்றவன் எடுத்துக் காட்ட முடிகிற எழுத்துத்தான் ஒப்பந்தம், மற்றது உத்தரவு. ஐப்பசி நெருங்கும் ஒரு நாளில், ஆர்டர் குவிந்து கிடக்கும்போது, ஒருத்தி எழுந்து, "இந்த ரூமுக்கு அஞ்சாவது ஆள் வேண்டாம் அண்ணாச்சி" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு மறுநாள் காலையில் அதே இடத்தில் வந்து உட்கார அவளால் முடிய வேண்டும். 'மாட்டேன்' என்று சொல்ல முடிகிறவளின் 'சரி'தான் சம்மதம்.