காலம் கடந்தால் கொள்ளை வேடிக்கையாகுமா?



ஒரு தீமை நேற்று நடந்ததாயிருந்தால் அதைக் குற்றம் என்கிறோம். நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்ததாயிருந்தால் சரித்திரம் என்கிறோம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்ததாயிருந்தாலோ, அதற்கு வேடம் கட்டிக் குழந்தைகளை மகிழ்விக்கிறோம். இது சரிதானா? காலம் என்பது தீமையைக் கழுவிவிடும் நீரா? அல்லது நம் கண்ணை மறைக்கும் திரைதானா? அறிஞர்கள் இதை ஏடுகளை வைத்து ஆராய்வார்கள். கடைக்காரனாகிய நான் ஓர் உல்லாசப் படகை வைத்து ஆராய முற்படுகிறேன்.

இக்காலத்தில் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நம்மவர் பலர் குடும்பத்தோடு துருக்கி நாட்டுக்குச் சுற்றுலா சென்று வருகின்றனர். அந்நாட்டின் தென்கரையில், மத்தியதரைக் கடலோரம், அலான்யா என்னும் துறைமுகப் பட்டினம் இருக்கிறது. ஸெல்ஜூக் சுல்தான் அலாவுத்தீன் கைகுபாதின் ஆட்சியில் 1226-ஆம் ஆண்டில் எழுந்த செங்கோபுரம் இன்றும் அத்துறைமுகத்துக்குக் காவல் நிற்கிறது. அங்கே நிற்கும் மரப்படகுகளில் பலவற்றைக் கடற்கொள்ளைக்காரரின் கப்பல் போல அலங்கரித்திருக்கிறார்கள். உயர்ந்த பாய்மரம், மண்டையோடு வரைந்த கறுப்புக் கொடி, ஒரு கண்ணை மறைத்த பொம்மை, இடுப்பில் வாள் செருகிய பணியாட்கள் எல்லாம் உண்டு.

காலையில் புறப்படும் படகு பிற்பகலில் திரும்பும். இடையில் சில இடங்களில் நங்கூரம் போட்டு மக்களை நீந்த விடுவார்கள். நடுப்பகலில் படகிலேயே சாப்பாடு: சுட்ட மீன் அல்லது கோழி, மக்கரோனி, பச்சைக் காய்கறி. கோட்டைக் குன்றின் அடியில் கடல் குடைந்த குகைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் பெயரே 'கொள்ளைக்காரர் குகை'. அக்காலத்துக் கொள்ளையர் பிடித்து வந்த பெண்களையும் பொருளையும் அக்குகைகளில் ஒளித்து வைத்தார்கள் என்று படகோட்டிகள் கதை சொல்லுவார்கள். கதை முடிந்ததும் பாட்டும் ஆட்டமும் தொடங்கிவிடும்.

இவ்வகைப் பயணத்தை நான் பழிக்க வரவில்லை. வாரம் முழுதும் உழைத்தவன் மனைவி மக்களோடு ஒரு பகற்பொழுதைக் கடலில் கழிப்பது நல்ல காரியம். அதிலும் முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஸ்நோர்க்கல் குழாயை வாயில் பற்றிக்கொண்டு, குப்புற மிதந்து கடலின் அடியைப் பார்ப்பது மிக உயர்ந்த இன்பம். பாறையும் பாசியும் மீன் கூட்டமும் அங்கே காட்சியாய் விரிகின்றன. ஒருவன் பார்த்ததனால் இன்னொருவனுக்கு ஒன்றும் குறைவதில்லை. எவன் பொருளும் எவன் கைக்கும் மாறுவதில்லை. பத்துப்பேர் பார்த்தாலும் நூறுபேர் பார்த்தாலும் கடல் அப்படியே இருக்கிறது. கொள்ளைக்கு நேர் எதிரான இன்பம் ஒன்று உண்டென்றால் அது இதுவே. அந்த இன்பத்தைக் கொள்ளைக்காரன் கொடியின் கீழ் விற்பதுதான் எனக்கு வியப்பாயிருக்கிறது.

அலான்யாவில் இது வெறும் கற்பனையுமன்று. அவ்வூரின் பழைய பெயர் கொரகேசியம். கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய இரண்டு நூற்றாண்டுகளில் மத்தியதரைக் கடலையே நடுங்க வைத்த சிலிசியக் கொள்ளையருக்கு அந்தக் குன்று கோட்டையாயிருந்தது. அவர்கள் கொள்ளையிட்ட சரக்குகளில் பெரிய சரக்கு எது? மனிதர்தாம். கிரேக்கத் தீவாகிய டெலோஸில் அடிமைச் சந்தை இருந்தது. ஒரே நாளில் பதினாயிரம் அடிமைகளை இறக்கி, விற்று, ஏற்றி அனுப்பவல்ல சந்தை அது என்று ஸ்திராபோ என்ற பண்டைய ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.

புளூட்டார்க் என்பவர் எழுதிய வரலாற்றிலே இன்னொரு செய்தி வருகிறது. பிடிபட்டவன் தன்னை ரோமாபுரியான் என்று சொல்லிக்கொண்டால், கொள்ளையர் அஞ்சுவது போல நடித்து, காலில் விழுந்து, அவனுக்கு ரோமருக்குரிய செருப்பும் மேலாடையும் அணிவித்து மரியாதை செய்வார்களாம். பிறகு நடுக்கடலில் ஓர் ஏணியை இறக்கி, "ஐயா, நீங்கள் விடுதலை பெற்றுப் போகலாம்" என்பார்களாம். இறங்க மறுத்தால் பிடித்துத் தள்ளிவிடுவார்களாம். பார்த்தீர்களா? வேடம் கட்டி விளையாடுவது அந்நாளிலும் இருந்தது. சிரித்தவன் ஒருவன், மூழ்கியவன் வேறொருவன்.

"அதெல்லாம் எப்போதோ நடந்தது, இப்போது என்ன?" என்று கேட்கலாம். காலம் கடந்ததனால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறதா என்று சற்றே சோதித்துப் பார்ப்போம்.

அத்தகைய படகுப் பயணம் போய்வந்த குடும்பம் ஒன்று என் கடைக்கு வாடிக்கையாக வருவதுண்டு. அவர்களுடைய சிறுவன் கண்ணில் கறுப்புத் துணி கட்டி, பிளாஸ்டிக் வாளை நீட்டி, "முதலாளி, கல்லாவைத் திற!" என்று அதட்டினான். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து ஒரு மிட்டாயைக் கொடுத்தேன். ஆனால் எங்கள் வரிசையிலேயே பக்கத்துக் கடைக்காரர் சிரிக்கவில்லை. முகமூடி அணிந்த இருவர் பாராங் கத்தியோடு அவர் கடைக்குள் நுழைந்து கல்லாவைத் திறக்கச் சொல்லிச் சில ஆண்டுகள் ஆகின்றன. அந்த முகமூடியை எந்தத் தந்தையாவது தன் மகனுக்கு வாங்கிக் கொடுப்பானா? கொடுக்கமாட்டான். ஏன்? கத்திக்கு முன் நின்றவரின் முகத்தை நாம் அறிவோம். அவருடைய கை நடுங்கியதைக் கண்டோம். கொரகேசியத்துக் கொள்ளையரிடம் அகப்பட்டவர்களின் முகம் நமக்குத் தெரியாது. ஆகவே நம்மைச் சிரிக்க வைப்பது காலமன்று. பாதிக்கப்பட்டவன் கண்ணுக்குத் தெரியாமையே.

கடற்கொள்ளை பழங்கதையாகிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. கப்பல் தாக்கப்பட்ட செய்திகளைச் சேர்த்து எச்சரிக்கும் சர்வதேச நிலையம் 1992-ஆம் ஆண்டு முதல் நம் கோலாலம்பூரிலேயே இயங்கி வருகிறது. 2006-இல் ஆசிய நாடுகள் பல சேர்ந்து அதே வேலைக்காகச் சிங்கப்பூரில் ஒரு நிலையத்தை அமைத்தன. 2005-ஆம் ஆண்டில் லண்டன் காப்புறுதிக்காரர்கள் நம் மலாக்கா நீரிணையைப் போர் அபாயமுள்ள பகுதிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அடுத்த ஆண்டில்தான் அதை எடுத்தார்கள். கப்பலுக்குக் காப்புறுதிக் கட்டணம் ஏறினால் அச்சுமை ஒருநாள் பருப்பு மூட்டையின் விலையிலும் வந்து உட்காரும் என்பதைக் கடைக்காரனுக்குச் சொல்லவேண்டியதில்லை.

விலை ஏற்றமாவது ஒருநாள் இறங்கும். மனிதர் பட்ட பாடு? மலேசியக் கொடி பறந்த 'அல்பேடோ' என்னும் சரக்குக் கப்பலைச் சோமாலியக் கொள்ளையர் 2010-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பிடித்தார்கள். கப்பலில் இருந்தவர்கள் பாகிஸ்தான், வங்காளதேசம், இலங்கை, இந்தியா, ஈரான் நாடுகளைச் சேர்ந்த ஏழை மாலுமிகள். மீட்புப் பணத்துக்காக அவர்களைப் பிணைவைத்தார்கள். 2013-இல் கப்பலே மூழ்கிப்போயிற்று. எஞ்சியிருந்த பதினொருவர் விடுதலையானது 2014-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள்! அந்த மாலுமிகளின் வீடுகளிலும் குழந்தைகள் இருந்திருப்பார்கள். அக்குழந்தைகளின் கையில் கறுப்புக் கண்துணியையும் பிளாஸ்டிக் வாளையும் கொடுத்துப் பார்க்க நமக்கு மனம் வருமா?

இதற்கு ஒரு நல்ல மறுப்பு உண்டு. "குழந்தைகள் திருடன் போலீஸ் விளையாடுவதில்லையா? அதனால் எல்லாரும் திருடராகிவிட்டார்களா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாமும் விளையாடி வளர்ந்தவர்கள்தாம். ஆனால் அந்த விளையாட்டின் அமைப்பைக் கவனியுங்கள். அதில் திருடன் இருக்கிறான், போலீசும் இருக்கிறான். திருடன் பிடிபடுகிறான். அடுத்த ஆட்டத்தில் திருடன் போலீசாகிறான், போலீஸ் திருடனாகிறான். ஒளிந்தோடுபவனின் பயமும் துரத்துபவனின் கடமையும் ஒரே பிள்ளைக்கு மாறி மாறித் தெரிகின்றன. கொள்ளைக்காரர் படகில் அந்த நீதி இல்லை. தலைவன் கொள்ளைக்காரன், பணியாள் கொள்ளைக்காரன், டிக்கெட் வாங்கிய அத்தனை குடும்பமும் கொள்ளைக் கூட்டம். புதையல் பெட்டி மட்டும் நடுவிலே இருக்கிறது. பெட்டிக்குச் சொந்தக்காரன் எங்கே? அவன் வேடத்தை யாரும் கட்டுவதில்லை. நான் குறை காண்பது விளையாட்டிலன்று, அதில் ஒரு பாத்திரம் விடுபட்டுப் போனதில்தான்.

விடுபட்டதைச் சீர்திருத்த முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள டிஸ்னிலாந்து கேளிக்கைப் பூங்காவில் 1967-ஆம் ஆண்டு முதல் கடற்கொள்ளைக்காரர் படகுச் சவாரி ஒன்று நடந்து வருகிறது. அதில் கொள்ளையர் பெண்களை ஏலம் போடுவது போன்ற பொம்மைக் காட்சி இருந்தது. அரை நூற்றாண்டுக் காலம் குடும்பங்கள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே படகில் போயின. 2018-இல் அக்காட்சியை மாற்றி, ஏலத்துக்கு நின்ற பெண்ணையே கொள்ளைக் கூட்டத்தில் ஒருத்தியாக்கி, பொருள்களை ஏலம் விடுவதாக அமைத்தார்கள். முழு நீதி என்று சொல்லமாட்டேன். ஆயினும் ஏலத்தில் நின்றவளும் மனுஷியே என்பது ஐம்பத்தோராவது ஆண்டிலாவது நினைவுக்கு வந்தது.

இன்னொரு மறுப்பும் உண்டு. கொள்ளைக்காரன் என்ற பெயரை யார் யாருக்குச் சூட்டுவது? பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் தம்மிடம் சீட்டு வாங்காத கப்பல்களைக் கடலில் பிடித்தார்கள். தம்மை எதிர்த்த குஞ்ஞாலி மரைக்காயரைக் கடற்கொள்ளைக்காரர் என்றார்கள். நான்காம் குஞ்ஞாலியை 1600-ஆம் ஆண்டில் கோவாவில் கொன்றார்கள். ஸ்பானியக் கப்பல்களைச் சூறையாடிய டிரேக்குக்கு ஆங்கிலேய அரசி 1581-இல் பட்டம் அளித்தாள். நம் பக்கமும் சுத்தம் என்று சொல்வதற்கில்லை. துருக்கியர் மாவீரராகப் போற்றும் பார்பரோஸ் ஹைருத்தீன், 1544-இல் இத்தாலியின் லிபாரித் தீவைத் தாக்கி, ஆயிரக்கணக்கான குடிமக்களை அடிமைகளாகப் பிடித்துச் சென்றார். நம்மவன் செய்தால் வீரம், பிறன் செய்தால் கொள்ளை என்பது இரண்டு படிக்கல் வைத்து வியாபாரம் செய்வது போன்றது. ஆகவே பெயரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. செயலைப் பார்க்கவேண்டும். பொருளுக்கு உடையவன் யார்? அவன் மனமொப்பிக் கொடுத்தானா? இந்த இரண்டு கேள்விக்கு முன் எல்லாக் கொடிகளும் ஒன்றுதான்.

அப்படியானால் பழைய கொள்ளையரை என்றென்றைக்கும் பகைத்துக்கொண்டே இருக்கவேண்டுமா? அதுவும் வேண்டாம். கி.மு. 67-இல் ரோமானியத் தளபதி பாம்பே, மூன்றே மாதத்தில் கடலைத் தூய்மைப்படுத்தி, கொரகேசியத்தின் அருகில் இறுதிப் போரில் வென்றான். பிடிபட்டவர் இருபதினாயிரத்துக்கு மேல் என்று புளூட்டார்க் கூறுகிறார். பாம்பே அவர்களைக் கொன்று குவிக்கவில்லை. கடலிலிருந்து பிரித்து, ஆளில்லாத ஊர்களில் குடியேற்றி, உழுது பிழைக்க நிலம் கொடுத்தான். மனிதன் பிறவியிலே கொடியவனல்லன், இடமும் தொழிலும் மாறினால் குணமும் மாறும் என்பது அவன் எண்ணம். தீயவனைத் திருத்துவது பெருந்தன்மை. ஆனால் திருத்துவதற்கு முதலில் தீமையைத் தீமையென்று சொல்லவேண்டும். கொள்ளையை வேடிக்கையாக்கும்போது நாம் கொள்ளையனை மன்னிக்கவில்லை. கொள்ளை கொடுத்தவனை மறந்துவிடுகிறோம். மன்னிக்கும் உரிமையோ கொள்ளை கொடுத்தவனுக்கே உரியது.

ஆகவே ஓர் உரைகல்லைச் சொல்லி வைக்கிறேன். எந்த வேடிக்கையானாலும், அதனால் பாதிக்கப்பட்ட ஒருவர் நம் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவர் முன்னிலையிலும் அச்சிரிப்பு நிலைத்தால் அது நல்ல சிரிப்பு. குரல் தாழ்ந்துபோனால், அதில் ஏதோ கோளாறு இருக்கிறது.

படகுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள். பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுங்கள். முகக்கண்ணாடியை மாட்டி மீன்களைக் காட்டுங்கள். எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். புதையல் பெட்டியைத் திறக்கும் நேரம் வரும்போது மட்டும், "இது யாருடைய பெட்டி? யார் இதை நிரப்பியிருப்பார்கள்? அவர்கள் வீட்டில் யார் காத்திருந்திருப்பார்கள்?" என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு பிள்ளைக்கு வாளுக்குப் பதிலாகச் சின்ன நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொடுத்து, அவனைச் சரக்குக் கப்பலின் கணக்கப்பிள்ளையாக்குங்கள். இத்தனை மூட்டை மிளகு, இத்தனை கட்டுத் துணி, இத்தனை ஆட்கள் என்று எழுதட்டும். மற்றப் பிள்ளைகள் கொள்ளையடித்து முடித்ததும், அவன் அந்தக் கணக்கை எழுந்து படிக்கட்டும். அந்தப் படகில் இதுவரை இல்லாத பாத்திரம் அப்போது வந்து சேரும். பிள்ளைகளுக்கு விளையாட்டு இன்னும் சுவைக்கும் என்றே நினைக்கிறேன்.